எங்கள் வீட்டு மத்தியானம்

என் வீட்டுக்காரர் கடையில் மயங்கி விழுந்துவிட்டார் என்று சேதி வந்தபோது நான் கூடத்துத் தரையில் மல்லாந்து படுத்து வெள்ளரிப் பிஞ்சு கடித்துக்கொண்டிருந்தேன். இதை இப்படிச் சொல்ல எனக்கே கூச்சமாகத்தான் இருக்கிறது. ஆனால் கத்திரி வெயிலில், சாப்பாடு முடிந்த நேரத்தில், உத்திரமேரூரில் ஒரு பொம்பளை வேறு என்ன செய்துகொண்டிருப்பாள்? எழுந்து, தலையை அள்ளி முடிந்து, புர்காவை மாட்டிக்கொண்டு ஓடினேன். போய்ப் பார்த்தால் மனிதர் கோணி மூட்டையில் சாய்ந்து உட்கார்ந்து சோடா குடித்துக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும், "நீ ஏன் இந்த வெயில்ல வந்த?" என்று கோபித்துக்கொண்டார்.

அவர் பெயர் ஹபீபுல்லா. பஜாரில் கோணி, தார்ப்பாய் வியாபாரம். கடைக்குக் கூரை தகர ஷீட். அதற்கடியில் வருஷக்கணக்காக உட்கார்ந்து, வெயிலெல்லாம் நமக்கொரு பொருட்டா என்று இருந்தவர்தான். உடம்புக்கு வயசாவது அவருக்குத் தெரியவில்லை, உடம்புக்குத் தெரிந்துவிட்டது. டாக்டர் கறாராகச் சொல்லிவிட்டார்.

"வெயில் ஏறினதும் கடைய சாத்திட்டு வூட்டுக்குப் போயிடணும் பாய். பொழுது சாய்ஞ்சப்புறம் தொறந்துக்கலாம். கத்திரி முடியறவரைக்கும் இப்படித்தான். இன்னொரு வாட்டி விழுந்தீங்கன்னா நல்லா இருக்காது."

அப்படித்தான் என் வீட்டுக்காரர் மத்தியானத்தில் வீட்டுக்கு வந்து சேர்ந்தார். கல்யாணமான நாளிலிருந்து வெள்ளிக்கிழமை தவிர வேறு எந்த மத்தியானத்திலும் அவரை நான் வீட்டில் பார்த்ததில்லை. உயிரோடு கண்முன்னால் உட்கார்ந்திருக்கிறாரே, அல்ஹம்துலில்லாஹ் என்று அழுதேன். அந்தச் சந்தோஷம் நிஜம். அடுத்து நான் சொல்லப்போவதும் நிஜம்.

எங்கள் வீட்டைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். மாமனார் கட்டிய வீடு. முழங்கை நீளத் தடிமனில் சுவர். மேலே கட்டை பாவிச் செங்கல் அடுக்கிச் சுண்ணாம்பு போட்ட மச்சு. பெரிய கூடம் ஒன்று, சமையல்கட்டு, கூடத்தை ஒட்டிக் கடைச் சரக்கு போட்டு வைக்கிற சின்ன அறை, அவ்வளவுதான். கூடத்தின் பின்கதவைத் திறந்தால் வேப்பமரம். அதைத் தாண்டி ஏரி. ஏரியில் தண்ணீர் கொஞ்சமாவது கிடக்கிற வருஷங்களில் அந்தப் பக்கமிருந்து வருகிற காற்று பின்கதவில் நுழைந்து முன்ஜன்னலில் போகும். சிவப்புச் சிமெண்ட் தரையை ஈரத்துணியால் ஒரு தரம் துடைத்துவிட்டு ஃபேனைப் போட்டால் போதும், எழுந்துபோக மனசு வராது.

இந்தச் சுகத்தை நான் ஒருத்தியே வைத்துக்கொண்டு என்ன செய்வது? மகன் தௌசீப் மஸ்கட்டில் இருக்கிறான். ஆகவே எங்கள் தெருவில் ஒரு வழக்கம் உண்டாயிற்று. என் பின்கதவு திறந்திருந்தால் வரலாம். கூப்பிட வேண்டியதில்லை, தட்ட வேண்டியதில்லை. அடுத்த வீட்டுப் பவளம் வருவாள். அவள் வீட்டுக் கூடத்தில் மாமனார் கட்டில் போட்டுப் படுத்திருப்பார், அவளுக்குக் காலை நீட்ட அங்கே இடமில்லை. பின்சந்திலிருந்து தமிழ்ச்செல்வி வருவாள். அவளுக்குப் பொங்கலுக்கு முன்னால்தான் பெண்குழந்தை பிறந்தது. அவள் புருஷன் விஜய் ஒரகடத்தில் கம்பெனி வேலைக்குப் போகிறான். இப்போதைக்கு அவர்கள் குடியிருக்கிற வீடு ஷீட் வீடு. மத்தியானத்தில் அதற்குள் நின்றால் தோசைக்கல் மேலே நிற்கிற மாதிரி இருக்கும்.

அவர்கள் வந்தால் நாங்கள் ஒன்றும் பெரிதாகச் செய்துவிடுவதில்லை. ஒரு முறத்தில் புளியைக் கொட்டி வைத்துக்கொண்டு கொட்டை எடுப்போம். அதுவும் பெயருக்குத்தான். பவளம் நைட்டிமேல் போட்டுவந்த துண்டை எடுத்துக் கொடியில் வீசுவாள். நான் தலைமுடியை அவிழ்த்துத் தரையில் பரப்பிவிட்டுப் படுப்பேன். தமிழ்ச்செல்வி என் வீட்டுக்காரரின் பழைய கைலியை நாலாக மடித்துக் காற்று வருகிற இடமாகப் பார்த்துக் குழந்தையைக் கிடத்துவாள். அது கையைக் காலை உதறிக்கொண்டு தூங்கிப்போகும். பிறகு பேச்சு. யார் வீட்டில் என்ன குழம்பு என்பதிலிருந்து எவள் மாமியார் எவளை என்ன சொன்னாள் என்பது வரை. பேசிக்கொண்டிருக்கும்போதே ஒருத்தி குறட்டை விடுவாள், மற்றவர்கள் அவளை விட்டுவிட்டுப் பேசுவோம். சாயங்கால அஸர் தொழுகைக்குப் பாங்கு கேட்டதும் எல்லாரும் எழுந்து முகம் கழுவிக்கொண்டு அவரவர் வீட்டுக்குப் போய்விடுவார்கள். நான் கூட்டிப் பெருக்கித் தேநீருக்குத் தண்ணீர் வைப்பேன். இவர் கடையைக் கட்டிக்கொண்டு இருட்டியபின்தான் வருவார்.

இப்போது அந்தக் கூடத்தின் நடுவில் நாற்காலி போட்டு உட்கார்ந்து இவர் பேப்பர் படித்துக்கொண்டிருந்தார்.

முதல் நாள் பவளம் துண்டை எடுத்து வீசப்போன கையோடு வந்தாள். இவரைப் பார்த்தாள். துண்டை இழுத்துப் போர்த்திக்கொண்டு, "பாய் வூட்ல கீறாரா. கொஞ்சம் உப்பு வாங்கிக்கினு போலாம்னு வந்தேங்கா" என்றாள். கொடுத்தேன். மறுநாள் சீரகம் கேட்டு வாங்கிக்கொண்டு போனாள். அதற்கடுத்த நாள் என்ன கேட்பது என்று தெரியாமல் வாசலிலேயே நின்று, "சும்மா வந்தேன்" என்று சொல்லித் திரும்பிவிட்டாள். தமிழ்ச்செல்வி சந்திலிருந்தே எட்டிப் பார்த்துவிட்டு அப்படியே போய்விட்டாள். ஆண்பிள்ளை இருக்கிற கூடத்தில் பால் கொடுக்கிற பெண் எப்படிப் படுப்பாள்? அவர்கள்மேல் தப்பில்லை. இவர்மேலும் தப்பில்லை. எனக்குத்தான் யார்மேல் எரிந்து விழுவது என்று தெரியவில்லை. பூனைமேல் விழுந்தேன்.

ஒரு மத்தியானம் இவர் பேப்பரை மடித்து வைத்துவிட்டு என்னையே பார்த்தார். கண் கலங்கியிருந்தது.

"அமீனா, கல்யாணமாயி இத்தினி வருஷமா நீ இந்த வூட்ல மத்தியானம் பூரா ஒண்டியாவே இருந்துக்கினு கீற. நான் ஒரு நாள்கூட நெனச்சிப் பாக்கல. கட, கடன்னு அங்கியே கெடந்துட்டேன்."

நான் வாயைத் திறந்தேன். அந்த முகத்தைப் பார்த்ததும் மூடிக்கொண்டேன். சாவு வரை போய்விட்டு வந்தோம் என்று நினைத்துக்கொண்டிருக்கிற மனிதர். பெண்டாட்டியை நினைத்துக் கண்ணீர் விடுகிறார். அவரிடம் போய், நீங்கள் இல்லாத நேரத்தில் நான் எவ்வளவு சந்தோஷமாக இருந்தேன் தெரியுமா என்று எப்படிச் சொல்வது? "அதெல்லாம் ஒண்ணுமில்லீங்க" என்று மட்டும் சொன்னேன். அதை அவர் என் பெருந்தன்மை என்று எடுத்துக்கொண்டார்.

அந்தப் பெருந்தன்மைக்கு வெகுமதியாக அந்த வாரமே வீட்டுக்கு ஏசி வந்து இறங்கியது.

காஞ்சிபுரத்திலிருந்து வந்த ஆட்கள் கூடத்துச் சுவரில் ஓட்டை போட்டு மாட்டினார்கள். ஸ்டெபிலைசர் ஒரு பக்கம், ரிமோட் ஒரு பக்கம். கூடத்துக்கு ஏசி போட்டால் குளிர் நிற்காது, சந்து பொந்தெல்லாம் அடைக்க வேண்டும் என்று அவர்கள் சொல்லிவிட்டுப் போனதுதான் தாமதம், இவருக்கு வேலை கிடைத்துவிட்டது. தார்ப்பாய் விற்கிற மனிதரிடம் போய் அடைக்கச் சொல்லலாமா? முன்ஜன்னலுக்கு நீலத் தார்ப்பாய். சமையல்கட்டு வழிக்குக் கோணியை இரட்டையாகத் தைத்துத் தொங்கவிட்ட படுதா. பின்கதவைச் சாத்தித் தாழ்போட்டு, உள்பக்கம் மேலிருந்து கீழ்வரை தார்ப்பாயை இழுத்து ஆணி அடித்து, அடியில் கோணியைச் சுருட்டி வைத்து அடைத்தார். எறும்பு வரவேண்டுமென்றால்கூட அனுமதி வாங்க வேண்டும். நடுவில் நின்று இடுப்பில் கைவைத்துப் பார்த்துக்கொண்டார்.

"இப்பப் போடுறேன் பாரு."

பொய் சொல்ல மாட்டேன். முதல் நாள் சுகமாகத்தான் இருந்தது. வெளியே தார் உருகுகிற வெயில், உள்ளே நான் போர்வை போர்த்திக்கொண்டு படுத்திருந்தேன். "எப்டி கீது?" என்று கேட்டார். "சொர்க்கம்தாங்க" என்றேன். அவர் சிரித்த சிரிப்பை நான் நிக்காஹ் முடிந்த புதிதில் பார்த்தது. அதற்கப்புறம் அவர் தூங்கிவிட்டார். நான் அந்த நீல வெளிச்சத்தில் கண் விழித்துக் கிடந்தேன். பேச ஒரு ஆள் இல்லை. வெளியே காக்கை கத்துகிறதா, பால்காரர் வந்தாரா, ஒன்றும் தெரியவில்லை. ஏசி மட்டும் உறுமிக்கொண்டிருந்தது. அவர் நினைத்துக் கண் கலங்கினாரே, அந்தத் தனிமை அன்றைக்குத்தான் எனக்கு நிஜமாக வந்தது.

சாயங்காலம் மாடியில் வடகம் எடுக்கும்போது பவளம் அவள் மாடியில் நின்றாள். "வாயேண்டி, ஏசியில வந்து கொஞ்ச நேரம் படு" என்றேன்.

"ஐயோ வேணாங்கா. பாயி ஆசப்பட்டு போட்டுக்கீறாரு. உனக்கும் அவருக்கும் இப்பதான் நேரம் கெடச்சிருக்கு. நாங்க இன்னாத்துக்கு நடுவுல?" என்றாள். கிண்டல் பாதி. மீதிப் பாதி கிண்டல் இல்லை. கதவு சாத்தியாகிவிட்டது, இனி அது பெரிய மனுஷர் வீடு என்று அவள் குரலில் இருந்தது. எனக்குச் சுருக்கென்றது.

"தமிழ்ச்செல்வி புள்ள எப்டி கீது?"

"அழுதுக்கினே கீது. உடம்பு பூரா வேர்க்குரு. அவ ஈரத் துணிய மாத்தி மாத்திப் போட்டுக்கினு கீறா. எங்கூட்டுக்கு வான்னேன். கெழவரு படுத்திருக்கிற எடத்துல எப்டிக்கா வருவா?"

இரண்டு நாள் யோசித்து ஒரு வழி கண்டுபிடித்தேன். "மத்தியானம் லுஹர் தொழுதுட்டு பள்ளிவாசல்லயே செத்த படுத்துட்டு வாங்களேன். பெரிய ஃபேன் கீது. உங்க வயசு ஆளுங்கல்லாம் அங்கதானே பேசிக்கினு படுத்துக்கினு கீறாங்க" என்று தேன் தடவிச் சொன்னேன். போனார். நான் பின்கதவுத் தார்ப்பாயில் இரண்டாவது ஆணியைப் பிடுங்குவதற்குள் திரும்பி வந்துவிட்டார்.

"மனசு கேக்கல. நீ இங்க ஒண்டியா இருப்பியேன்னு இருந்துச்சி" என்றார். பிடுங்கிய ஆணியை முந்தானையில் மறைத்துக்கொண்டேன்.

இப்படியே போயிருக்கும். எனக்கும் தைரியம் வந்திருக்காது. ஆனால் அந்தச் செவ்வாய்க்கிழமை வந்தது.

அன்றைக்கு வெயில் காலையிலேயே சுட்டது. இவர் சீக்கிரமே வந்துவிட்டார். சாப்பிட்டோம், ஏசியைப் போட்டோம், படுத்தோம். எனக்கும் அன்றைக்கு நல்ல தூக்கம். அஸருக்கு எழுந்து தொழுதுவிட்டு, கொடியில் இருந்த துணியை எடுக்கப் பின்பக்கம் சுற்றிக்கொண்டு போனேன். பவளம் சுவருக்கு அந்தப் பக்கம் நின்று, "உனக்குத் தெரியாதாக்கா? தமிழ்ச்செல்வி புள்ளயத் தூக்கிக்கினு ஆஸ்பத்திரிக்கு ஓடினா" என்றாள்.

துணி அங்கேயே கிடந்தது. நான் சந்துக்குள் போனபோது தமிழ்ச்செல்வி ஆட்டோவிலிருந்து இறங்கிக்கொண்டிருந்தாள். குழந்தை அவள் தோளில் வாடின கீரைத்தண்டாகக் கிடந்தது. என்னைக் கண்டதும் கண்ணை மட்டும் திறந்து பார்த்தது. உடம்பு சுட்டுக் காய்ந்துபோச்சாம், பாலைக்கூட இழுத்துக் குடிக்கவில்லையாம். டாக்டர் ஈரத்துணியால் துடைத்து, மருந்துத் தண்ணீரைச் சொட்டுச் சொட்டாகக் கொடுத்து, பால் குடித்த பிறகுதான் அனுப்பினாராம். இனிப் பயமில்லை, ஆனால் மத்தியானத்தில் குளிர்ச்சியான இடத்தில் வைத்திருக்க வேண்டும் என்று சொன்னாராம்.

"எங்கூட்டுக்கு வந்திருக்கலாமேடி" என்றேன்.

அவள் குழந்தையின் முதுகைத் தடவிக்கொண்டே, "வந்தேம்மா" என்றாள். "கதவு சாத்தியிருந்துச்சி. தட்டினேன். ரெண்டு மூணு வாட்டி தட்டினேன். உங்களுக்குக் கேக்கல போல."

அவள் குற்றமாகச் சொல்லவில்லை. அவள் அப்படிச் சொல்கிற பெண்ணே இல்லை. தட்டத் தேவையில்லாத கதவைத் தட்டியிருக்கிறாள். நான் தார்ப்பாய்க்கு உள்ளே போர்வைக்கு உள்ளே தூங்கிக்கொண்டிருந்திருக்கிறேன். ஏதாவது ஆகியிருந்தால் என்று நினைத்ததும் அவள் வீட்டு வாசலிலேயே உட்கார்ந்துவிட்டேன். தமிழ்ச்செல்வி என் காலைத் தொட்டு, "ஒண்ணும் ஆவலம்மா, நல்லா கீது, பாருங்க" என்று எனக்குச் சமாதானம் சொன்னாள்.

வீட்டுக்கு வந்தேன். இவர் தேநீருக்காகக் காத்துக்கொண்டிருந்தார். நான் நேராகப் பின்கதவுக்குப் போய்த் தார்ப்பாயை இரண்டு கையாலும் பிடித்து இழுத்தேன். ஆணியெல்லாம் தரையில் தெறித்தது. தாழை நீக்கிக் கதவைத் தள்ளித் திறந்தேன்.

"இன்னா ஆச்சி உனக்கு?" என்று எழுந்து வந்தார்.

"உங்களுக்கு யாரு சொன்னது நான் ஒண்டியா இருந்தேன்னு?"

"நீதானே. எப்பக் கேட்டாலும் சும்மா படுத்துக்கினு இருந்தேன்னுதானே சொல்லுவ?"

"சும்மாதான் படுத்துக்கினு இருந்தேன். மூணு பேரா படுத்துக்கினு இருந்தேன். பவளம் இங்க படுப்பா. தமிழ்ச்செல்வி அங்க படுப்பா. உங்க கைலிமேல அந்தப் புள்ள படுக்கும். பேசிச் சிரிச்சி, புளி எடுத்து, தூங்கி, நான் நல்லாத்தாங்க இருந்தேன். நீங்க வந்து உக்காந்தீங்க, அவுங்க வரல. ஏசி போட்டு அடைச்சீங்க, இன்னிக்கி அந்தப் பச்சப் புள்ளயத் தூக்கிக்கினு வந்து அவ கதவத் தட்டியிருக்கா. நமக்குக் கேக்கல. ஆஸ்பத்திரியில போயி பொழச்சி வந்திருக்கு."

எல்லாவற்றையும் ஒரே மூச்சில் சொன்னேன். சொல்லி முடித்ததும் அழுகை வந்தது. அவர் தரையில் கிடந்த ஆணிகளைக் குனிந்து ஒவ்வொன்றாகப் பொறுக்கினார்.

"அப்ப நான் வூட்ல கீறதுதான் உனக்குப் பேஜாரு" என்றார்.

இல்லை என்று சொல்லியிருக்கலாம். நான் சொல்லவில்லை. அவர் சட்டையைப் போட்டுக்கொண்டு கடை திறக்கப் போய்விட்டார். இராத்திரிச் சாப்பாட்டுக்கு வந்தபோதும் பேச்சில்லை. போதும் என்பதற்குக் கையை மட்டும் காட்டினார்.

மறுநாள் காலையில் பஜர் தொழுகைக்குப் பிறகு அவர் படுக்கவில்லை. சரக்கு அறையில் என்னவோ உருட்டிக்கொண்டிருந்தார். எட்டிப் பார்த்தேன். அடுக்கியிருந்த கோணிக் கட்டுகளையெல்லாம் இழுத்து வெளியே போட்டு வண்டியில் ஏற்றிக்கொண்டிருந்தார். சரக்கைக் கடைக்குக் கொண்டுபோகிறார். இனி மத்தியானத்திலும் அங்கேயே உட்காரப்போகிறார், அந்தத் தகரத்துக்கு அடியிலேயே, என்னால்தான் என்று தோன்றிவிட்டது.

"டாக்டர் சொன்னது ஞாபகம் கீதா?" என்று கேட்டேன்.

"கீது" என்றார். அவ்வளவுதான். வண்டியோடு போய்விட்டார்.

சமையல் ஓடவில்லை. குழம்புக்கு உப்பு போட்டேனா இல்லையா என்று இரண்டு தரம் ருசி பார்த்தேன். வெயில் ஏற ஏற வாசலுக்கும் அடுப்புக்குமாக நடந்தேன். வழக்கமாக வருகிற நேரம் தாண்டியது. லுஹர் பாங்கு சொல்லி முடிந்தது. தொழுகை முடிந்து ஆட்கள் தெருவில் போனார்கள், இவர் வரவில்லை. அந்த ஏசியையும் என் கோபத்தையும் சேர்த்துத் திட்டிக்கொண்டே புர்காவை எடுத்தேன். கடையில் இருந்தால் கையைப் பிடித்து இழுத்துவர வேண்டும், வராவிட்டால் நானும் அந்தத் தகரத்துக்கடியிலேயே உட்கார்ந்துவிட வேண்டும் என்ற முடிவோடு பின்பக்கமாகவே இறங்கினேன்.

சந்திலிருந்து மூன்று பேர் வந்துகொண்டிருந்தார்கள். முன்னால் தலையில் ஈரத்துண்டைப் போட்டுக்கொண்டு என் வீட்டுக்காரர். பின்னால் தமிழ்ச்செல்வி, தோளில் குழந்தை. அவருடைய கறுப்புக் குடையை அவள் பிடித்திருந்தாள். அவர்களுக்கும் பின்னால் பவளம், சிரிப்பை அடக்கத் துண்டை வாயில் வைத்துக்கொண்டு.

எந்த வீட்டு வாசலிலும் போய் நின்று பேசி அறியாத மனிதர் அவர். பவளம்தான் எனக்குப் பிறகு சொன்னாள். தமிழ்ச்செல்வி வீட்டுக்கு வெளியில் நின்று, தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னாராம்: "அம்மா, புள்ளயத் தூக்கிக்கினு வா. கதவு தொறந்துதான் கீது. நான் உள் ரூம்புக்குள்ள பூந்துக்குவேன். அஸர் வரைக்கும் வெளிய வர மாட்டேன்." அதே வார்த்தையைப் பவளம் வீட்டிலும் போய் ஒப்பித்தாராம். அவளுடைய மாமனார் கட்டிலில் எழுந்து உட்கார்ந்து, "இன்னா பாய், தேர்தல் வருதா?" என்று கேட்டிருக்கிறார்.

நான் அவரைத் திட்டினேன். வெயிலில் எதற்கு அலைந்தீர்கள், உடம்பு என்னத்துக்காகும் என்று வாய்க்கு வந்ததையெல்லாம் சொன்னேன். அவர் ஒரு சொம்பு மோரை நின்றபடியே குடித்துவிட்டுச் சரக்கு அறைக்குள் போனார். பின்னாலேயே போய்ப் பார்த்தேன். காலையில் அவர் சாத்திவிட்டுப் போன அறையை நான் திறந்தே பார்க்கவில்லை; அது காலியாகக் கூட்டித் துடைத்து இருந்தது. வேப்பமரத்துப் பக்கத்து ஜன்னல் திறந்திருந்தது. இத்தனை வருஷம் கோணிக்கட்டுக்குப் பின்னால் அங்கே ஒரு ஜன்னல் இருந்ததே எனக்கு மறந்துபோயிருந்தது. கயிற்றுக் கட்டில், டேபிள் ஃபேன், தண்ணீர்க் கூஜா, பேப்பர். கதவு நிலையில் என்னுடைய பழைய சேலையைத் திரையாகக் கட்டியிருந்தார்.

"இதுக்குத்தானா காலையில உருட்டினீங்க?"

"வேற எதுக்கு? கடைக்குப் போயி சாவறதுக்கா?" என்றார். பிறகு குரலை இறக்கி, "நீ ஒண்டியா இல்லேன்னு தெரிஞ்சி எனக்கு ராத்திரி நல்லாத் தூக்கம் வந்துச்சி" என்றார். அவர் துண்டைப் பிடுங்கி மறுபடியும் நனைத்துப் பிழிந்து அவர் தலையில் போட்டேன்.

கூடத்தில் தமிழ்ச்செல்வி குழந்தைக்குத் தூளி கட்டலாமா என்று உத்தரத்து வளையத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். வேர்க்குரு உடம்பு தரையில் உரசாமல் தொங்கினால் அதற்கு நல்லதாம். கட்டினோம். வெயில் உச்சியில் இருந்ததால் கொஞ்ச நேரம் கதவைச் சாத்தி ஏசியும் போட்டோம். பவளம் ஏசிக்கு நேராக நின்று நைட்டியைப் பலூன் மாதிரி உப்பவிட்டுப் பார்த்தாள். பத்தாவது நிமிஷம், முட்டி வலிக்கிறது, மூச்சு முட்டுகிறது, பேசினால் எனக்கே கேட்கவில்லை என்று ஆரம்பித்துவிட்டாள். கூடம் குளிர்ந்ததும் நிறுத்திக் கதவைத் திறந்துவிட்டோம். ஏரிப்பக்கத்துக் காற்று வந்தது. தூளி ஆட்ட ஆட்டத்தான் குழந்தை தூங்குகிறது, நிறுத்தினால் சிணுங்குகிறது. தமிழ்ச்செல்விக்கோ முந்தின நாள் தூக்கமே இல்லை, உட்கார்ந்தபடியே தூக்கத்தில் சாமியாடினாள்.

திரைக்குப் பின்னாலிருந்து கனைப்பு கேட்டது. திரைக்கடியில் ஒரு கயிற்று நுனி வந்தது.

"இத தூளியில கட்டுங்க. நான் இங்க இருந்து இழுத்துக்கினு கீறேன். எனக்கு இன்னா வேல?"

கட்டினேன். கயிறு இழுபட்டது, தூளி ஆடியது. தமிழ்ச்செல்வி அப்படியே சரிந்து தூங்கிப்போனாள். பவளம் என் காதில், "அக்கா, உங்க ஜாதியில பொம்பளைங்கதானே கோஷா? இங்க பாயி கோஷாவுல கீறாரே" என்றாள். எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. திரைக்கு அந்தப் பக்கமும் ஒரு குலுங்கல் இருந்தது, கயிறு கோணலாக இழுபட்டது.

முறத்தில் புளியைக் கொட்டினேன். பவளம் மானாம்பதியில் போன முகூர்த்தத்தில் பார்த்துவிட்டு வந்த கல்யாணத்தைப் பற்றி மெதுவாகத்தான் ஆரம்பித்தாள். போகப்போக ஊக்கம் வந்துவிட்டது. சாம்பார் பற்றவில்லை, பெண்ணின் தாய்மாமன் முறுக்கிக்கொண்டு பஸ் ஸ்டாண்டுக்குப் போய்விட்டான், பந்தியில் உட்கார்ந்தவர்கள் இலையைப் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள்.

"அப்ப பாத்து மாப்ள மாலையக் கழட்டி வெச்சிட்டு எழுந்தான்கா. எழுந்து விடுவிடுன்னு வெளிய போறான். பொண்ணு அப்டியே..."

அங்கே நிறுத்திவிட்டாள். கையை ஓங்கி ஓங்கிப் பேசியதில் குரல் தெருவரைக்கும் போயிருந்தது. திரைப் பக்கம் கண் போனது. கொடியில் கிடந்த துண்டை எட்டி எடுத்தாள். நான் புளியைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். போச்சு, நாளைக்கு வரமாட்டாள் என்று நினைத்தேன். கயிறும் நின்றிருந்தது. குழந்தை தூளிக்குள் ஒரு தரம் நெளிந்தது.

"அப்பறம்?" என்றது திரைக்கு அந்தப் பக்கத்துக் குரல். "மாப்ள திரும்பி வந்தானா இல்லியாம்மா?"

பவளம் என்னைப் பார்த்தாள். திரையைப் பார்த்தாள். துண்டைக் கொடியில் வீசிவிட்டுக் காலை நீட்டிப் படுத்தாள்.

"அவசரப்படாதீங்க பாய், சொல்றேன்" என்றாள். "மொதல்ல நீங்க கயித்த இழுங்க."